வரி கட்டிய கட்டபொம்மன்

2024-இல் சிங்கப்பூரில் 'ஹாமில்டன்' இசை நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்த பேராசிரியர் ஒருவர், அண்மையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில் அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். வத்திராயிருப்பிலிருந்து பஸ் பிடித்துப் போய் நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பிறகு அந்தப் பேச்சைக் கட்டுரையாக்கிச் சிற்றிதழ் ஒன்றில் வெளியிட்டிருக்கிறார். பேசும்போது வாய் தவறிப்போயிருக்கும் என்று விட்டுக்கொடுத்திருப்பேன். அச்சில் ஏறிய பிறகு பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் சொல்வது இதுதான். வரலாறு புத்தகத்தில் கிடந்தால் செத்துப்போகும், மேடையில் பாட்டாக வந்தால்தான் மக்களுக்குப் போய்ச் சேரும். முதலில் உணர்ச்சி ஊட்ட வேண்டும், விவரங்கள் பிறகு வந்துகொள்ளலாம். அமெரிக்காவை நிறுவிய தலைவர்களாகக் கறுப்பின நடிகர்களும் லத்தீன் அமெரிக்க நடிகர்களும் நடித்ததால் அந்த வரலாறே எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. தமிழிலும் கட்டபொம்மனை ராப் பாட்டில் மேடையேற்ற வேண்டும். இதிலெல்லாம் வரலாற்றுப் பிழை தேடுபவர்கள் கலையின் எட்டப்பர்கள்.

கடைசிச் சொல்லுக்குக் கடைசியில் வருகிறேன்.

'ஹாமில்டன்' எனக்கும் பிடிக்கும். மகளின் மடிக்கணினியில் இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் முடிவில் கண் கலங்கினேன். அதை எழுதிய லின்-மானுவல் மிராண்டா அசலான கலைஞர். அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரான ஹாமில்டனைப் பற்றி ரான் செர்னோ 2004-இல் எழுதிய தடித்த வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிட்டு, அதற்குள் ஒரு ஹிப்-ஹாப் நாடகம் இருப்பதைக் கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும். அமைச்சரவை விவாதத்தை இரண்டு ராப் பாடகர்களின் போட்டியாக மாற்றினாரே, அந்த ஒரு யோசனைக்கே அவருக்குப் பரிசு கொடுக்கலாம். கொடுத்தார்கள்: 2015-இல் பிராட்வேக்கு வந்த நாடகம் மறு ஆண்டு 11 டோனி விருதுகளையும் புலிட்சர் பரிசையும் வாங்கியது. ஒரு கட்டத்தில் நல்ல இருக்கைகளுக்கு 849 டாலர் விலை வைத்தார்கள். அதே நாடகத்தை நியூயார்க்கின் 20,000 பள்ளி மாணவர்கள் 10 டாலரில் பார்க்கவும் ஏற்பாடு நடந்தது. இதையெல்லாம் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் பேராசிரியர் பாராட்டும் இடத்தில்தான் அந்த நாடகம் வழுக்கி விழுகிறது. மேடையில் வாஷிங்டனாகவும் ஜெபர்சனாகவும் நிற்பவர்கள் கறுப்பு நடிகர்கள். சரி. அந்த வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில், அவர் இறந்த 1799-இல், 317 அடிமைகள் இருந்தார்கள். ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தார். இவர்களில் பெயரும் பேச்சும் உள்ள பாத்திரமாக அந்த மேடைக்கு வந்தவர் யார்? ஜெபர்சனின் அடிமை சாலி ஹெமிங்ஸின் பெயர், சாலி என்று மட்டும், போகிற போக்கில் ஒரு தடவை உச்சரிக்கப்படுகிறது, அவ்வளவுதான். லைரா மான்டெய்ரோ என்ற வரலாற்றாசிரியர் 2016-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். ஹெர்க்குலிஸ் முல்லிகன் என்ற தையல்காரர் ஆங்கிலேயரை வேவு பார்த்த கதை நாடகத்தில் உண்டு. அவருடைய அடிமையாக இருந்து, அந்த வேவுச் செய்திகளை உயிரைப் பணயம் வைத்துச் சுமந்த கேட்டோ என்ற மனிதர் நாடகத்தில் இல்லை. எசமானுக்குப் பாட்டு இருக்கிறது, அடிமைக்குப் பெயர்கூட இல்லை. கறுப்பு நடிகர் வெள்ளை எசமானின் சட்டையைப் போட்டுக்கொண்டால் அந்தச் சட்டையைத் துவைத்தவளின் வரலாறும் சேர்ந்து வந்துவிடுமா? இஷ்மேல் ரீட் என்ற கறுப்பின எழுத்தாளர் இதற்காகவே 2019-இல் ஒரு எதிர் நாடகம் எழுதி மேடையேற்றினார்.

2020-இல் நாடகத்தின் படப்பதிவு வெளிவந்தபோது இந்த விமர்சனங்கள் மறுபடி எழுந்தன. மிராண்டா என்ன செய்தார் தெரியுமா? விமர்சனங்கள் நியாயமானவை என்று பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். படைத்தவனே ஏற்றுக்கொண்ட குறையை, பார்த்துவிட்டு வந்தவர் மறுக்கிறார். கேள்வி கேட்டவர்களுக்குத் துரோகிப் பட்டமும் கட்டுகிறார்.

வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பர் 14. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 16 அன்று, கயத்தாறில் ஒரு புளியமரத்தில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். தமிழுக்கு ஒரு 'ஹாமில்டன்' வேண்டும் என்று கேட்கும் பேராசிரியருக்கு நான் நினைவூட்ட விரும்புவது, நமக்கு அது 1957-லேயே வந்துவிட்டது என்பதைத்தான். சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றியது. 1959-இல் பி.ஆர். பந்துலு அதைப் படமாக எடுத்தார். ஆராய்ச்சிக்கு ம.பொ.சி., இசைக்கு ஜி. ராமநாதன். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகராகத் தேர்வானார். வரலாறு, பாட்டு, அடுக்கு வசனம், கட்டுக்கடங்காத கூட்டம் என்று 'ஹாமில்ட'னிடம் இருப்பதெல்லாம் அதனிடம் இருந்தது. அந்த வசனத்துக்குத் தாளம் இருக்கிறது, எதுகை இருக்கிறது, எதிராளியை மூச்சுவிடாமல் அடிக்கும் வேகம் இருக்கிறது. இன்றைக்குப் பிள்ளைகள் ராப் என்று சொல்வது அதற்கு ரொம்ப தூரத்துச் சொந்தமில்லை. 'முதலில் உணர்ச்சி, விவரம் பிறகு' என்ற பேராசிரியரின் கொள்கையை நாம் 60 ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்துப் பார்த்துவிட்டோம். அதன் பலன் என்ன என்று எங்கள் ஊர்ப்பக்கம் கேட்டால் சொல்வார்கள்.

நானே சொல்கிறேன். எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் கட்டபொம்மனாக நடித்தவன் நான். அப்போது படம் வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தாலும் டூரிங் டாக்கீஸில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். வசனம் முழுக்க மனப்பாடம். அட்டையில் ஜிகினா ஒட்டிய கிரீடம், அம்மாவின் பட்டுப்புடவையில் அங்கவஸ்திரம், அடுப்புக்கரியில் மீசை. ஜாக்சன் துரையாக நடித்த பையன் என் குரலுக்கு நிஜமாகவே பயந்து பின்னால் போய்த் தடுக்கி விழுந்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த ராத்திரியின் கர்வம் இன்றும் உடம்பில் இருக்கிறது, அதை மறுத்தால் பொய் சொன்னவனாவேன்.

எங்கள் வகுப்பில் எட்டயபுரத்துப் பையன் ஒருவன் இருந்தான். அப்பாவுக்கு மாற்றலாகி அந்த வருடம்தான் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நாடகம் முடிந்த மறுநாள் காலையிலிருந்து அவன் பெயர் எட்டப்பன் ஆகிவிட்டது. யாருடைய பென்சில் காணாமல் போனாலும் எட்டப்பன்தான் எடுத்தான். யாரைப் பற்றி வாத்தியாரிடம் சேதி போனாலும் எட்டப்பன்தான் சொன்னான். கூப்பிட்டுத் தொடங்கிவைத்தவன் நான். கட்டபொம்மன் அல்லவா, எனக்கு அந்த உரிமை இருப்பதாக நினைத்தேன். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. பாட்டி வீட்டிலிருந்து படிக்கப் போய்விட்டான் என்றார்கள். நாடகத்தில் பிழை இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கூட்டத்தில் பேராசிரியர் கேட்டபோது எனக்கு அந்தப் பையனின் முகம்தான் வந்து நின்றது.

வசனத்துக்கு வருவோம். ஆங்கிலேயனுக்கு வரி எதற்கு என்று கட்டபொம்மன் ஜாக்சனைப் பார்த்துக் கேட்கும் அந்தக் காட்சி தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. நடந்தது என்ன? 1798 மே மாதக் கணக்கில் கட்டபொம்மனின் பாளையமான பாஞ்சாலங்குறிச்சியின் நிலுவை 3,310 பகோடா, நம் பேச்சில் வராகன். கலெக்டர் ஜாக்சன் ராமநாதபுரத்துக்கு வந்து பார்க்கும்படி ஓலை அனுப்பினார். கட்டபொம்மன் புறப்பட்டார். ஜாக்சன் ஓரிடத்தில் நில்லாமல் ஊர் ஊராக நகர்ந்தார். குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், பேரையூர், கமுதி என்று வெயிலில் அலைக்கழித்தார். பேராசிரியர் ஒலிபெருக்கி வைத்துப் பேசினாரே, அதே ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் கட்டபொம்மன் அவமானத்தோடு நடந்து போனார். கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்தித்தபோது கணக்கைப் பார்த்தார்கள். பெரும்பகுதியைக் கட்டிவிட்டிருந்தார். மீதி 1,080.

ஆமாம், வீரபாண்டிய கட்டபொம்மன் வரி கட்டினார்.

இதைச் சொன்னால் அவர் சிறுத்துப்போவார் என்று நினைப்பவர்களுக்கு மனிதனையும் தெரியாது, நாடகத்தையும் தெரியாது. கடன்பட்டவனைப்போல் ஊர் ஊராக ஓடவைத்து, கடைசியில் உட்கார நாற்காலிகூடக் கொடுக்காமல் நிற்கவைத்து விசாரித்தார்கள். கணக்கில் பெரிய குற்றம் இல்லை, ஆனாலும் கைது செய்யப் பார்த்தார்கள். கோட்டை வாசலில் கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் செத்து விழுந்தான். கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளை பிடிபட்டார். பிறகு கிழக்கிந்தியக் கும்பினி அரசே ஒரு குழுவை வைத்து விசாரித்து, ஜாக்சனைப் பதவியிலிருந்து தூக்கியது. கொடுத்தும், வளைந்தும், பொறுத்தும் பார்த்த ஒருவன் கடைசியில் எப்படித் திரும்பி நிற்கிறான் என்பது இதில் இருக்கிறது. எந்த நாட்டு மேடைக்கும் இது பெரிய கதை. நம் நாடகம் இதை வீசி எறிந்துவிட்டு, பிறக்கும்போதே வாளோடு பிறந்த ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. உண்மையைச் சொன்னால் நாடகம் சப்பென்று ஆகிவிடும் என்று பேராசிரியர் பயப்படுகிறார். பொய்யால்தான் சப்பென்று ஆயிற்று.

எட்டப்பன் விஷயத்தில் நடந்தது இன்னும் மோசம். எட்டப்பன் என்பது ஒரு ஆளின் பெயர் இல்லை, எட்டயபுரம் பாளையக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய பட்டப்பெயர். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு நெடுங்காலமாக இருந்தது. பாஞ்சாலங்குறிச்சி ஆட்கள் எட்டயபுரத்துக் கிராமங்களில் புகுந்ததும் உண்டு. 1799-இல் எட்டயபுரம் கும்பினிப் பக்கம் நின்று சண்டையிட்டது, அதற்குப் பரிசும் பெற்றது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் கட்டபொம்மனைக் காட்டில் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபரில் கயத்தாறில் மேஜர் பானர்மேன் தீர்ப்பு வாசித்தபோது சுற்றிலும் வரவழைத்து நிறுத்தப்பட்டிருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாப் பாளையக்காரர்களும். இத்தனை பேரின் பழியையும் ஒரு ஊரின் தலையில் கட்டி, அந்த ஊரின் பட்டப்பெயரை அகராதிச் சொல்லாகவே மாற்றியது பானர்மேன் இல்லை. நாடகமும் சினிமாவும்தான். முத்துசுவாமி தீட்சிதர் கடைசி நாட்களைக் கழித்த ஊர் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர். 'பாரதி' என்ற பட்டமே அந்த அரண்மனைச் சபையில் கிடைத்ததுதான். இத்தனை இருந்தும் ஒரு படம் போட்ட சேற்றைக் கழுவ முடியவில்லை.

இந்த இடத்தில் 'ஹாமில்டன்' நமக்குக் கற்றுத்தரும் நல்ல பாடம் ஒன்று உண்டு. பேராசிரியர் அதைக் கவனிக்கவே இல்லை. 1804-இல் ஹாமில்டனைச் சுட்டுக் கொன்றவர் ஆரன் பர். அந்த நாடகத்தில் கதை சொல்பவரே அவர்தான். கொலைகாரனின் வாயிலிருந்து, அவன் ஏக்கத்தோடும் பொறாமையோடும் வருத்தத்தோடும், கொல்லப்பட்டவனின் கதை வருகிறது. மிராண்டாவின் பெருமை அங்கே இருக்கிறது. நம் நாடகம் எட்டப்பனுக்கு அப்படி ஒரு காட்சி, தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஒரு ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால், என் வகுப்புப் பையன் அரைப் பரீட்சையோடு பள்ளியை விட்டுப் போயிருக்க மாட்டான். ஒன்றரை மணி நேரம் பேசியவருக்கு இதைச் சொல்ல ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

இன்னொன்று. ராஜபாளையத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் வாசுதேவநல்லூர், அதைத் தாண்டி நெற்கட்டும்செவல். பூலித்தேவர் 1755-லேயே கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்றார். மேற்கத்திப் பாளையங்களைச் சேர்த்து ஒரு கூட்டணி கட்டினார். 1761-இல் கும்பினித் தளபதி யூசுப்கானிடம் கோட்டைகளை இழந்தார். அந்தக் கூட்டணியில் எட்டயபுரமும் சேரவில்லை, பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. மேடைக்கு இது உதவாது, ஏனென்றால் மேடைக்கு ஒரே ஒரு முதல் வீரன்தான் வேண்டியிருந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய மண்கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பினார். மே மாதம் வரை பீரங்கிகளைத் தாங்கினார். எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரியே அந்த வாய் பேசாத மனிதரைப் பற்றித் தம் நினைவுக் குறிப்பில் மதிப்போடு எழுதியிருக்கிறார். மருது சகோதரர்களும் திண்டுக்கல் கோபால நாயக்கரும் சேர்ந்து நின்ற அந்தப் பெரும் கிளர்ச்சியைப் பற்றிப் பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். படமோ 1799-இல் தூக்குமரத்தோடு முடிந்துவிடுகிறது. முக்கால்வாசித் தமிழர்களுக்கு வரலாறும் அங்கேயே முடிந்துவிட்டது. விவரம் பிறகு வந்துகொள்ளும் என்றீர்களே, 60 ஆண்டுகளாக எங்கே வந்தது?

மக்கள் கலை என்றாலே மிகைதான், வில்லுப்பாட்டும் கூத்தும் வரலாறு பார்த்தா பாடின என்று கட்டுரையில் ஒரு கேள்வி. கேட்கும் முன் நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலைப் புரட்டியிருக்கலாம். படிக்காதவர்கள் பாடிவைத்த கதை அது. தெய்வமும் சகுனமும் அதில் நிறைய வரும், மறுக்கவில்லை. கூடவே, தானாபதிப் பிள்ளை ஸ்ரீவைகுண்டத்து நெல்லைக் கொள்ளையடித்ததும் வரும். அந்தத் தவறை அறிந்தும் அவரைக் காட்டிக்கொடுக்கக் கட்டபொம்மன் மறுத்ததும், அதனால் வந்த வினையும் வரும். ஒப்பாரி வைத்து அழுத அதே வாய்தான் குற்றத்தையும் சொன்னது. தன் தலைவனை நேசிக்க அவனுக்கு வெள்ளையடிக்க வேண்டியதில்லை என்று தெரிந்திருந்த மக்கள் அவர்கள். வெள்ளையடித்தது பட்டணத்து நாடகம். அதை மக்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

மேடையில் சமகாலத்தைக் கலக்க வேண்டும் என்று பேராசிரியர் ஆசைப்படுகிறார். நல்ல ஆசை. அதற்குப் பிராட்வே வரை போக வேண்டாம், சிவகாசி போதும். 1886-இல் அங்கே பிறந்த விசுவநாத தாஸ், 'வள்ளி திருமண'த்தில் முருகனாக நின்றபடியே வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டைப் பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுகள். போலீஸ் மேடையேறிப் பிடிக்கும், வெளியே வந்து மறுபடி பாடுவார். எங்கள் ஊர் முத்தாலம்மன் திடலில் ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்த்திச் சொல்வார்கள். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடியாக நடிக்க நடிகைகள் மறுத்தார்கள். கே.பி. ஜானகியம்மாள் துணிந்து நடித்தார். 1940-இன் கடைசி நாளில் சென்னையில், மேடையில், மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாத தாஸ் உயிர் போயிற்று. அவர் செய்ததில் ஒரு நேர்மை இருந்தது. முருகன் காந்தியைப் பற்றிப் பாடுகிறான் என்றால், அது புராணம் இல்லை, இன்றைய சேதி என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் தெரியும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' அப்படிச் செய்யவில்லை. இதுதான் நடந்தது என்றது. நாங்கள் நம்பினோம்.

இப்போது 1997. இதைச் சொல்லாமல் எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு கட்டபொம்மன் நாடகத்தைப் பற்றி யாரும் எழுதக் கூடாது.

திருநெல்வேலியில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று ஒன்று பல வருடம் ஓடியது. மாவட்டத்துக்கே அப்போது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்றுதான் பெயர் இருந்தது. அந்த பஸ்களில் எல்லோரும் ஏறினார்கள், இறங்கினார்கள், பெயரைப் பற்றி யாரும் முகம் சுளிக்கவில்லை. 1997 மே மாதம் விருதுநகர் மாவட்டத்தில் புதிதாக ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. சுந்தரலிங்கம் யார்? அதே பாஞ்சாலங்குறிச்சிப் படையில் தளபதி. கும்பினியின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து, தானும் அதிலேயே கரிந்துபோனார் என்று வாய்மொழி சொல்லும் வீரர். தேவேந்திர குலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஒரு சாரார். கல் விழுந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்கள் பற்றி எரிந்தன. உயிர்கள் போயின. கடைசியில் அரசு, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. கட்டபொம்மன் பெயர், காமராஜர் பெயர், சிதம்பரனார் பெயர், எல்லாம் போயின.

ஒரே களத்தில் நின்றவர்கள், ஒரே எதிரியால் செத்தவர்கள். ஒருவர் பெயரில் பஸ் நிம்மதியாக ஓடியது, இன்னொருவர் பெயரில் ஓட விடவில்லை. காரணம் சாதி என்று ஒரே சொல்லில் முடிக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் 40 ஆண்டுகளாக மேடையும் திரையும் எங்களுக்கு யாரை நேசிக்கக் கற்றுத்தந்தன என்பதும் அதில் இருக்கிறது. நான் கட்டபொம்மனாக நடித்தவன், முழு வசனமும் தெரிந்தவன். வெள்ளையத்தேவனைத் தெரியும், ஜக்கம்மாவைத் தெரியும். சுந்தரலிங்கம் என்ற பெயரை நான் முதன்முதலில் கவனித்தது 1997-இல், கலவரச் செய்தியில். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அமெரிக்கக் கேட்டோவைப் பற்றிப் படித்தபோது உடனே அடையாளம் தெரிந்தது அதனால்தான்.

ராப் எனக்கு ஆகாது என்று இதைப் படித்துவிட்டு யாரும் நினைக்க வேண்டாம். 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யைக் கேட்டவன்தான் நான். அரக்கோணத்து அறிவு எழுதி, தீயும் அவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளை அறிவு அந்தப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது, அவர்களில் யாரையும் கேட்காமல். பள்ளிப் பாடத்தில் ஒரு வரிகூடப் படிக்காத அந்தக் கதையின் வலி, ஒப்பாரியும் ராப்பும் கலந்த ஐந்து நிமிடத்தில் உலகம் முழுக்கப் போனது. கல்யாண மண்டபங்களில் அதற்கு ஆடினார்கள், அர்த்தம் தெரியாமலே ஆடினார்கள் என்று சிலர் குறைபட்டார்கள். எனக்கும் அந்த வருத்தம் கொஞ்சம் உண்டு. அந்தப் பாட்டின் புகழில் அறிவின் பங்கு மறைக்கப்படுகிறது என்று அதே ஆண்டு எழுந்த சர்ச்சையும் நினைவிருக்கிறது. இருந்தாலும் அங்கே பாடுபவர் தம் சொந்தப் பாட்டியின் பெயரைச் சொல்லிப் பாடுகிறார். எசமானின் உடுப்பை வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லை. ஹிப்-ஹாப் பிராங்ஸ் தெருவில் பிறந்தது இதற்காகத்தான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பேராசிரியரின் ஒன்றரை மணி நேரத்தில் அறிவுக்கு இடமில்லை, வள்ளியம்மாளுக்கும் இல்லை. தமிழில் ராப் வரலாறு இனிமேல்தான் பிறக்க வேண்டுமாம்.

இதை எழுதும்போது எனக்குப் பின்னால் வேறொரு கூட்டம் வந்து நின்றுகொள்ளும் என்பதும் தெரியும். கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்று தமிழ்வாணன் ஒரு புத்தகமே எழுதினார். கும்பினி எழுதிவைத்த காகிதத்தை மட்டும் நம்பி ஒரு மனிதனைத் திருடனாக்குவது, சினிமா வசனத்தை மட்டும் நம்பி அவனைத் தெய்வமாக்குவதைவிட எந்த விதத்திலும் உயர்ந்ததில்லை. எனக்கு அவர்களோடு பேச்சில்லை. தூக்கு மேடைக்குக் கட்டபொம்மன் தலைகுனியாமல் போனதைப் பானர்மேனே எழுதியிருக்கிறார். சிவாஜி கயத்தாறில் தம் சொந்தக் காசில் இடம் வாங்கி எழுப்பிய சிலையின் முன் நின்றபோது எனக்கும் கை தானாகக் குவிந்தது. இந்த வயதிலும் அந்தப் படம் ஓடினால் எழுந்து போக மாட்டேன். அத்தனை பிரியம் இருப்பதால்தான் கேட்கிறேன், அவரை முழுசாகக் காட்டுங்கள் என்று.

பேராசிரியர் அவர்களே, கட்டபொம்மனை ராப்பில் எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளை வைத்தே எழுதுங்கள். 3,310 வராகனில் எவ்வளவு கட்டினார் என்று அதில் வரட்டும். சேத்தூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஜாக்சனுக்காகக் காத்து நின்றது வரட்டும். சுந்தரலிங்கத்துக்கு ஒரு பாட்டு கொடுங்கள், எட்டயபுரத்தாருக்குப் பதில் சொல்ல ஒரு பாட்டு கொடுங்கள். அது உங்களால் முடியவில்லையென்றால் பரவாயில்லை. ஆனால் உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில் கேள்வி கேட்பவர்களை எட்டப்பர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லை அடுத்த இதழில் திரும்பப் பெறுங்கள். எட்டயபுரத்துப் பள்ளிக்கூடங்களில் இப்போதும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவன் வெளியூர் வகுப்பறையில் எழுந்து நின்று தன் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.